பதம் பார்த்தல்

இரவு ஒன்று நாற்பது.
செம்பனை ஆலையின் சங்கு ஊதி ஓய்ந்தபின்
பீடோங்கில் விழித்திருப்பவை இரண்டு:
அங்கே கொதிகலன்,
இங்கே எங்கள் கருவியின் நீல லேசர்.

ஒன்றரை மணி நேரம் ஓடியது மாதிரி.
நீர்க்கோடு துளித்துளியாய் உடைய
துளிக்கொரு கேள்வி.
மின்னேற்றம் பெற்றவை இடப்பக்கம் சாய்ந்தன,
மற்றதெல்லாம் கழிவுக்குப் போயிற்று.
நாற்பது லட்சத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டு.
குழாயின் அடியில் கண்ணுக்கு ஒன்றுமில்லை.
இருக்கிறதாம், திரை சொல்கிறது.
அது அனுப்பிய கணக்கைத்தான் சொல்லும்.
போய்ச் சேர்ந்தது யாரென்று அதற்குத் தெரியாது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சொன்னவர் வீட்டில்
பானை நிறையச் சோறு இருந்திருக்கும்.
இங்கே மொத்தமே முந்நூற்றுப் பன்னிரண்டு பருக்கை.
நசுக்கிப் பார்த்தது பானைக்குத் திரும்பாது.
கத்தி விரலைப் பதம் பார்த்தது என்கிறோமே,
அந்தப் பதமும் இதுதான்.

தம்பி தவசீலன் ஆலையில் குலை தரம் பார்க்கிறவன்.
லோரி கொட்டியதும் நூறு குலையைப் புரட்டி
காய் எத்தனை, அழுகல் எத்தனை என்று எழுதுவான்.
"நான் பார்த்த குலையும் எண்ணெயாத்தான் போகுது, அக்கா.
நீ பார்த்தது?"
வடிகாலுக்கு, என்றேன்.
"அப்போ பார்க்காமலே விடேன்."

பார்க்காமல் விட்டால்
கோலாலம்பூரில் இதன் மரபெழுத்தைப் படிப்பார்கள்.
நடுவே வேற்றாள் நின்றால்
அவன் எழுத்தையும் சேர்த்தே படிப்பார்கள்.
அதற்கும் ஒரு மருந்து எழுதப்படும்.

மாதிரியின் பெயர் கே பதினேழு.
ஆள் தெரியக்கூடாது என்பது விதி.
இந்த ஊரில் இந்த வாரம்
இடுப்பெலும்பில் ஊசி வாங்கி
நொண்டி நடப்பவர் ஒருவர்தான்.
சாயங்காலம் பாசார் மாலாமில்
அவரிடம் ஐந்து அப்பம் வாங்கினேன்.
"ஒன்னு கூட வச்சிருக்கேன், எண்ணிப் பாரு,"
என்றார் பவளக்கொடி.
எண்ணவில்லை.

ஐம்பது எடுத்தேன்.
முப்பது பார்த்து முப்பதும் சரியென்றாலும்
நூற்றுக்குப் பத்து வரை பழுது ஒளிந்திருக்கலாம்,
கணக்கு அப்படித்தான் சொல்கிறது.
நூறு பார்த்தால் நிம்மதி கூடும், அனுப்புவது குறையும்.
ஐம்பது என்பது
கை நடுங்கி நின்ற இடம், வேறொன்றுமில்லை.

அதற்கு முன் குழாயைக் கழுவினேன்.
ப்ளீச், நீர், மறுபடி நீர்.
பிறகு வெறும் நீரையே ஓட்டினேன்.
இரண்டு புள்ளிகள்.
எதுவுமில்லாத நீரில்
முதல் ஓட்டத்தின் இருவர்
போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.
மறுபடி கழுவினேன். ஒன்று.
மூன்றாம் முறையும் ஒன்று.
அதோடு சமாதானமானேன்.

ஐம்பதையும் விட்டேன்.
நாற்பத்தொன்று வந்தது.
ஒன்பது எங்கே என்று கேட்க ஆளில்லை.
முப்பத்தெட்டு கட்டத்துக்குள்,
மூன்று வெளியே.

ஒன்று செத்தது, எந்தச் சாயத்தையும் குடிக்கும்.
ஒன்று ஒன்றல்ல:
நல்லதன் தோளில் கை போட்டு
கூடவே நுழைந்த இன்னொன்று.
மூன்றாவது
நீரில் உட்கார்ந்திருந்த அந்த ஆளாக இருக்கலாம்.
இருக்கலாம்.

காலையில் டாக்டர் ரோஸ்னானி அழைத்தார்.
"தொண்ணூற்றைந்து வந்ததா?"
அந்த மூன்றாவதை மட்டும் கழித்தால்
நாற்பதில் முப்பத்தெட்டு,
சரியாகத் தொண்ணூற்றைந்து.
ஒரு புள்ளி. எலிவாலை ஒருமுறை சொடுக்கினால் போதும்.
மழை தகரக்கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது,
கேட்காத மாதிரி கொஞ்சம் நேரம் வாங்கினேன்.

பிறகு பெட்டியின் மேல் எழுதினேன்:
நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு.
வெறும் நீரில் ஒன்று.
மீதம் இருநூற்று அறுபத்திரண்டு,
இருந்தால்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன்.
மூன்று அப்பம்.
எத்தனை தின்றாய் என்று தவசீலனைக் கேட்டேன்.
ரெண்டோ மூணோ, என்றான்.